உறவுமுறையும் சபைமுறையும்

மக்கள் கூடி வாழ்வதற்கு இருவகைத் தொடர்புகள் இன்றியமையாதன. ஒன்று, முகம் அறிந்து பழகுவதால் வருவது. மற்றொன்று, முகம் அறியாதவரிடத்தும் செல்லும் ஒழுங்கினால் வருவது. முன்னதை உறவு என்கின்றோம். பின்னதை விதி, சட்டம், ஏற்பாடு என்று பலவாறு கூறுகின்றோம். ஆயின் நமது தாய்மொழி இவ்விரண்டிற்கும் பொதுவாக ஒரு சொல்லை வைத்திருத்தல் கவனிக்கத்தக்கது. அதுவே 'முறை' என்னுஞ் சொல். 'அவர் உமக்கு என்ன முறை?' என்று வினவுங்கால் அஃது உறவைக் குறிக்கின்றது. 'மன்னன் முறை செய்தான்' என்னுங்கால் நீதியைக் குறிக்கின்றது. 'இனி உம்முடைய முறை' என்னுங்கால் வரிசையைக் குறிக்கின்றது. மாமன், மைத்துனன் என்னும் முறையும், வழக்கைப் பட்சபாதமின்றித் தீர்க்கும் முறையும் ஒரு சொல்லில் அடங்கியிருந்தும், உலக வாழ்க்கையில் அவை ஒன்றோடொன்று மாறுபட்டு நிற்பதை அடிக்கடி காண்கின்றோம்.

நம்முடையதைப் போன்ற சமூக சங்கங்களில் இம்மாறுபாடு மற்ற இடங்களைக் காட்டிலும் மிகுதி. ஏனெனில், இத்தகைய சங்கம் உறவினாற் பிறப்பது; ஆயினும் வளர்ந்த பின்னர் விதியினாலன்றி நில்லாதது. அங்கத்தினர் ஐம்பதின்மராய் இருக்கும்வரை காரியதரிசி ஒவ்வொருவர் வீட்டு அடுப்பையும் அறிவார். அவர்கள் ஆயிரக்கணக்கினராய்ப் பெருகிப் பல ஊர்களிற் பரவியபின், பெரும்பாலோர் அவருக்குப் பேரேட்டில் உள்ள பெயர்களே ஆவர். பெயராய் மட்டும் நிற்கும் அவருக்கும், நாள்தோறும் கண்முன் நிற்கும் மைத்துனருக்கும் ஒரே நியாயம் கிடைக்குமா என்பதே கேள்வி. இக்கேள்வியை உலகத்தார் பண்டுதொட்டு எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதைச் சரித்திரத்தின் துணைகொண்டு ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதலில் நம் நாட்டுச் சான்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்திற்குத் தெற்கேயுள்ள உத்தரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு உள்ளன. ஒன்று அவனது 12ஆம் ஆட்சியாண்டாகிய கி.பி. 919இலும், மற்றொன்று 14ஆம் ஆட்சியாண்டாகிய கி.பி. 921இலும் பொறிக்கப்பட்டவை. ஊர்ச் சபையார் தம் வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவற்றில் வகுத்துள்ளனர். முதலில் வகுத்த விதிகளை இரண்டே ஆண்டுகளில் மீண்டும் ஆராய்ந்து திருத்தினர் என்பதால், அவர்கள் இதனை எத்துணை முக்கியமாகக் கருதினர் என்பது விளங்கும்.

ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, குடத்தில் இட்டனர். சிறுவர் முதல் முதியோர் ஈறாக மகாசபை முழுவதும் கூடியிருக்க, கோயில் நம்பிமார் அனைவரும் மண்டபத்தில் இருக்க, அவர்களுள் மூத்தவர் ஒருவர் அக்குடத்தை எல்லாரும் காணத் தூக்கி நிற்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதனை வேறொரு குடத்தில் அவிழ்த்துக் குலைத்து, அதிலிருந்து அச்சிறுவனே ஓர் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் அவ்வோலையை ஏற்று வாசிப்பான். பின்னர் நம்பிமார் எல்லாரும் அதனை வாசிப்பர். இவ்வாறு வந்த 30 பேருள் 12 பேர் சம்வத்ஸர வாரியத்திற்கும், 12 பேர் தோட்ட வாரியத்திற்கும், 6 பேர் ஏரி வாரியத்திற்கும் அமைவர். அவர்கள் பதவி 360 நாள். அதன்பின் மூன்றாண்டு கழியாமல் அவர்கள் பெயரைக் குடத்தில் இடலாகாது.

விரித்த விரல்களைப் பற்றி ஒரு வார்த்தை. மத்தியஸ்தன் கையை மூடிக்கொண்டு ஓலையை வாங்கினால், உள்ளங்கையில் மறைத்து வைத்த வேறோர் ஓலையை மாற்றிவிடக் கூடும். அவன் அப்படிச் செய்பவன் என்று எவரும் சொல்லவில்லை. அவன் நல்லவனாகவே இருக்கலாம். ஆனால் அவனுடைய நற்குணத்தின்மேல் ஊராரின் நம்பிக்கையைச் சுமத்தாமல், விரிந்த ஐந்து விரல்களின்மேல் அதனை வைத்தனர். சபைமுறையின் உயிர்நிலை இதுவேயாம். ஒருவரை ஐயுறுவதற்காக விதி செய்யப்படுவதில்லை. ஒருவரையும் ஐயுற வேண்டாத நிலையை உண்டாக்கவே விதி செய்யப்படுகின்றது.

இதனினும் வியக்கத்தக்கது கணக்கைப் பற்றிய விதி. வாரியம் செய்து கணக்குக் காட்டாது ஒழிந்தவன் மறுபடி பதவிக்கு வரலாகாது. அவனோடு முடிந்ததோ எனின், இல்லை. அவன் தந்தை, மகன், தாயோடு பிறந்தான், தந்தையோடு பிறந்தான், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், மாமனார், மனைவியோடு பிறந்தான், உடன்பிறந்தாளை மணந்தான், அவள் மக்கள், மருமகன் என்று உறவினரை ஒவ்வொருவராக எண்ணி, அவர்கள் பெயரும் குடத்திற் புகாதபடி விலக்கினர். கணக்கு எழுதுவோனுக்கும் தனி விதி உண்டு. அவன் எழுதிய கணக்கை அவனே சபையின்முன் காட்டவேண்டும். வேறொருவன் புகுந்து அதனை முடித்துக் கொடுத்தலாகாது. கணக்குக் காட்டித் தூயவன் எனப்படுமுன் அவனுக்கு மீண்டும் அப்பதவி இல்லை.

இவ்விதிகளைச் செய்தோர் உறவின் வலிமையை அறியாதவர் அல்லர். நன்கு அறிந்தமையாலன்றோ எந்த எந்த முறையினர் என்று ஒன்றும் விடாமல் எண்ணினர்! உறவுமுறையின் பட்டியலையே சபைமுறைக்கு வேலியாக அவர்கள் அமைத்த திறம் போற்றத்தக்கது.

ஆயினும் உண்மையை மறைத்தல் நமக்கு அழகன்று. அக்குடத்தில் எல்லார் பெயரும் புகவில்லை. அவ்வூர் ஒரு சதுர்வேதிமங்கலம். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், 35க்கு மேல் 70க்குட்பட்ட வயதும் உடையோரே தகுதியுடையோர். ஏரிக்கரையில் மண் சுமந்தவனும், தோட்டத்தில் நீர் இறைத்தவனும் அக்கணக்கில் இல்லை. பெண்மக்களும் இல்லை. குடத்தின் உள்ளே நியாயம் இருந்தது. குடத்தின் வாய் மட்டும் சிறிதாயிருந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

ஊராள்வோரைத் தெரிந்தெடுக்க நம் நாட்டார் குடத்தைக் கொண்டனர். நாடாள்வோரைத் தெரிந்தெடுக்கச் சீனர் பரீட்சையைக் கொண்டனர். அங்கே சோங் வமிசத்து அரசர் காலத்தில், கி.பி. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, உத்தியோகப் பரீட்சையில் முகதாட்சிணியம் புகாமற் காக்க இருவகை ஏற்பாடுகள் நிலைபெற்றன. எழுதினவன் பெயருள்ள பகுதியின்மேல் காகிதம் ஒட்டி மறைத்தல் ஒன்று. பெயரை மறைத்தாலும் பரீட்சகர் தம் மாணாக்கன் கையெழுத்தை அடையாளங் கண்டுகொள்வரே என்று, எழுத்தர்களைக் கொண்டு விடைகள் முழுவதையும் பிரதி செய்வித்து, அப்பிரதியையே பரீட்சகரிடம் கொடுத்தல் மற்றொன்று. இப்பரீட்சை முறை 1905 வரை நடந்தது. இன்று நம் பிள்ளைகள் பொதுப் பரீட்சையில் பெயருக்குப் பதிலாக எண்ணை இடுகின்றனர். 'எங்கள் பிள்ளை வெறும் எண்ணாகிவிட்டானே' என்று வருந்துவோர் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். பரிந்து பேச ஆள் உடையவனுக்குப் பெயர் துணை. ஒருவரும் இல்லாத ஏழைப் பிள்ளைக்கு அந்த எண்ணே துணை.

இப்பரீட்சை வழி இந்திய அரசாட்சியிலும் புகுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் ஆட்சியில், உயர்ந்த உத்தியோகங்களுக்கு இன்னாரை அனுப்புவது என்பது டைரக்டர்களின் கையில் இருந்தது. அவர்களுடைய பிள்ளைகளும் மருமக்களும் வேண்டியவர்களும் பதவி பெற்றனர். 1853ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்த அதிகாரம் நீங்கி, 1855இல் முதன்முதலாகப் போட்டிப் பரீட்சை நடைபெற்றது. பெயரளவில் எல்லார்க்கும் வழி திறந்தது. ஆனால் பரீட்சை நடந்த இடம் லண்டன். கடல் கடந்து, பொருள் செலவழித்து, அந்நிய மொழியில், அந்நாட்டுப் பாடங்களில் போட்டியிட வேண்டும். 1863இல் சத்யேந்திரநாத தாகூர் அதிற் தேறி, அவ்வுத்தியோகம் பெற்ற முதல் இந்தியரானார். பின்னர் 1878 முதல் வயதின் உச்ச எல்லையை 21இலிருந்து 19ஆகக் குறைத்தனர். அவ்வயதிற்குள் இங்கிருந்து சென்று தேறுவது எத்தனை பேருக்கு இயலும்? இந்தியாவிலும் பரீட்சை நடத்தவேண்டும் என்று பல்லாண்டு போராடிய பின்னர், 1922இல்தான் அது கைகூடிற்று.

இதனாற் பெறப்படும் பாடம் யாது? விதி முகம் பாராதது என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது. விதியைச் செய்தவர் எந்த முகத்தை மனத்திற் கொண்டு செய்தனர் என்றும் கேட்கவேண்டும். உத்தரமேரூரில் குடத்தின் வாய் சிறிது. லண்டனில் வாயில் தொலைவு. உள்ளே செல்ல ஒருவரையும் தடுக்காத வாயில், அதனை அடையும் பாதையால் பலரைத் தடுத்துவிடக் கூடும்.

நிற்க, பணத்தைப் பற்றிய வரலாற்றிற்கு வருவோம். சங்கங்கள் பெரும்பாலும் கொள்கையால் உடைவதில்லை, பணத்தால் உடைகின்றன. 1906ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்னும் பெரிய வியாபார ஸ்தாபனம் முறிந்தது. அதன் பெயர்ப் பெருமையை நம்பி, உத்தியோகஸ்தரும் விதவைகளும் கோயில் தர்மகர்த்தாக்களும் சேமித்த பொருளை அங்கே இட்டிருந்தனர். உள்ளே கணக்கு எந்நிலையில் நிற்கின்றது என்று அவர்களிற் பெரும்பாலோர் அறியார். அறியவேண்டும் என்று எண்ணவுமில்லை. அத்துணைப் பெரிய பெயரைச் சந்தேகிப்பதே அபசாரம் என்று கருதினர். அதன் தலைவர் சிறை சென்றார். இழந்த பொருள் முழுவதும் திரும்பவில்லை. அத்துன்பத்தின் பயனாகவே, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயற்சியால், 1907இல் இந்தியன் பாங்கு சென்னையில் தோன்றிற்று.

ஆனால் முகம் அறிதல் முற்றிலும் தீது என்று இதனால் முடிவு செய்துவிடலாகாது. ஏறக்குறைய அக்காலத்திலேயே நேர்மாறான ஓர் உண்மையையும் நம் மாகாணம் கற்றுக்கொண்டிருந்தது. ஜெர்மனியில், 1860ஆம் ஆண்டுகளில், ரைபைசன் என்னும் பெரியார் கிராமக் கடன் சங்கங்களை ஏற்படுத்தினார். அவற்றின் எல்லை ஒரு சிற்றூர் அளவே. காரணம், அங்கத்தினர் ஒருவரையொருவர் நேரில் அறிந்திருக்க வேண்டும். குடியானவனிடம் அடகு வைக்கப் பொன் இல்லை. ஆனால் அவன் உழைப்பாளி என்பதையும், குடிப்பழக்கம் இல்லாதவன் என்பதையும், விதைக்காகவே கடன் கேட்கின்றான் என்பதையும் அடுத்த வீட்டார் அறிவர். அவ்வறிவே ஈடாயிற்று. ஒருவன் கடனுக்கு எல்லாரும் பொறுப்பு. எனவே ஒருவன் நடத்தையில் எல்லாருக்கும் கண் இருந்தது. நிர்வாகிகள் ஊதியமின்றித் தொண்டு செய்தனர். கணக்கருக்கு மட்டுமே சம்பளம்.

சென்னை அரசாங்கத்தார் 1892இல் பிரடெரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியை இவ்விஷயத்தை ஆராய நியமித்தனர். அவர் ஐரோப்பியச் சங்கங்களை ஆராய்ந்து, 1895இலும் 1897இலும் தம் அறிக்கையை வெளியிட்டார். நம் கிராமங்களுக்கு ரைபைசன் வழியே ஏற்றது என்பது அவர் கண்ட முடிவு. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் தோன்றிற்று.

அச்சட்டத்தில் நாம் நோக்கத்தக்க கூறுகள் இரண்டு. ஒரு சங்கத்தார் ஒரே ஊரினராகவோ அடுத்த ஊர்களினராகவோ இருத்தல் வேண்டும். அன்றேல், ரிஜிஸ்திராரின் இசைவு பெற்று ஒரே வகுப்பினராகவோ ஜாதியினராகவோ இருக்கலாம். அதாவது, அறிந்த முகங்களின் நம்பிக்கையைச் சட்டம் தள்ளிவிடவில்லை. அதனை அடித்தளமாகவே ஏற்றது. இஃது ஒன்று. அதே சட்டம், அச்சங்கங்களின் கணக்கை ரிஜிஸ்திரார் ஆண்டுதோறும் ஒருமுறையேனும் தணிக்கை செய்ய வேண்டும் என்றும் விதித்தது. இது மற்றொன்று. கடன் கொடுக்கும்பொழுது அடுத்த வீட்டான் கண். கணக்குப் பார்க்கும்பொழுது அயலான் கண். இரண்டு கண்ணும் உள்ள சங்கம் வழி தவறுவது அரிது. ஒன்று குருடானால், மற்றது எவ்வளவு கூரியதாயினும் போதாது.

சரித்திரம் காட்டும் முடிவு இதுவேயாம். அறிந்துகொள்ள வேண்டிய இடத்தில் முகத்தைப் பார்க்க வேண்டும். தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடத்தில் முகத்தை மறக்க வேண்டும். இவ்விரண்டையும் இடம் மாற்றிச் செய்வதாலேயே ஸ்தாபனங்கள் கெடுகின்றன. துன்புற்றவன் வந்து நிற்கும்பொழுது, 'உன் விண்ணப்பத்தில் மூன்றாம் கட்டம் நிரப்பப்படவில்லை' என்று முகம் நோக்காது சொல்லுகின்றனர். கணக்குக் கேட்கும் நாள் வந்தால், 'அவர் நம் பெரியவர், அவரைக் கேட்பதா?' என்று முகம் நோக்கி வாளாவிருக்கின்றனர். முன்னது கொடுமை, பின்னது கோழைமை.

இந்நாளில் இது பின்னும் கவனிக்கத்தக்கது. பணத்தை இயந்திரத்தின் முன் நின்று பெறுகின்றோம். விண்ணப்பத்தைக் கம்பியில்லா வழியில் அனுப்புகின்றோம். மறுமொழி சொல்வோர் யாவர் என்பதும் அறியோம். இதனால் விளைந்த நன்மை பெரிது. கைக்கூலி கேட்பவன் முகம் மறைந்தது. வரிசையில் முன்னே நுழைபவன் முகமும் மறைந்தது. ஆனால் எழுத்தறியா மூதாட்டிக்கு வழி சொல்பவன் முகமும் அவற்றோடு மறைந்தது. அந்த இடத்தை நிரப்புதற்கு நம்முடையதைப் போன்ற சங்கத்தைக் காட்டிலும் ஏற்றது வேறு இல்லை. உறவினாற் பிறந்த சங்கத்திற்கு உற்ற வேலை அதுவே.

ஆகவே, அங்கத்தினர்களும் அவர்தம் குடும்பத்தாரும் சிந்தித்தற்குச் சிலவற்றை முன்வைக்கின்றோம்.

கல்வி உதவி நிதிக்கு வரும் விண்ணப்பங்களில், பெயரையும் ஊரையும் தந்தை பெயரையும் ஒருவர் மறைத்து எண்ணிடுக. மற்றவர்கள் எண்ணை மட்டும் கொண்டு தீர்மானிக்க. நிர்வாகிகளில் ஒருவருக்கு உறவினர் விண்ணப்பித்திருந்தால், அவர் அத்தீர்மானம் முடியும்வரை எழுந்து வெளியே இருக்க. இதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே உறவினரை எண்ணி விலக்கிய நாட்டில் பிறந்தோம் நாம்.

பொக்கிஷதாரர் தம் கணக்கைத் தாமே மகாசபையின்முன் படித்துக் காட்டுக. அதனைத் தணிக்கை செய்பவர் நம் உறவினர் அல்லாதவராய் இருக்க. கணக்குக் கேட்பவரைப் பகைவராக எண்ணும் வழக்கம் ஒழிக. 'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்னும் பழமொழியை நம் பாட்டிமார் பகையால் சொல்லவில்லை. உறவு நிலைக்க வேண்டுமே என்ற அன்பினாற் சொன்னார்கள்.

விதிகளை ஆண்டுதோறும் ஒருமுறை படித்துப் பார்த்து, எவரை அவை வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றன என்று ஆராய்க. கூட்டத்தைப் பகற்பொழுதில் வைத்தால் கூலி வேலைக்குச் செல்வோர் வாரார். கடிதத்தை ஆண்மக்கள் பெயருக்கே அனுப்பினால் கைம்பெண்கள் நடத்தும் குடும்பங்கள் விடுபடும். தடையென்று ஒருவரும் எழுதாத தடைகள் இவை.

இன்னும் ஒன்று உண்டு. கூறுதற்குச் சிறிது துணிவு வேண்டும். நம்மவர் ஒருவர் பொது உத்தியோகத்தில் அமர்ந்தால் நாம் பெருமை கொள்கின்றோம். அது தக்கதே. ஆனால் மறுநாளே அவர் வீட்டுத் திண்ணையில் நம் கோரிக்கைகளோடு சென்று அமர்கின்றோமே, அது தக்கதா? அவர் மறுத்தால், 'பதவி வந்ததும் முறை மறந்தான்' என்று பழிக்கின்றோம். அவர் மறக்கவில்லை. முறையை உண்மையாக நினைத்ததனாலேயே மறுத்தார். வேறொரு வகுப்பினர் அப்பதவியில் இருந்து தம்மவர்க்கு மட்டும் கை நீட்டினால் அநீதி என்று நாம் முழங்குவோம். அந்நியாயம் இரண்டிடத்தும் ஒன்றே. நம்மவரை நேர்மையாளராய் இருக்க விடுதலும் நாம் அவர்க்குச் செய்யும் உறவுக்கடனாகும்.

இவ்வாறெல்லாம் விதியை வற்புறுத்தினால் சங்கத்தில் அன்பு வற்றிவிடுமோ என்று அஞ்சுவோர் உண்டு. அன்பர்களே, அவ்வச்சம் வேண்டா. பட்சபாதம் நடந்ததோ என்ற ஐயம் ஒருவர் மனத்தில் முளைத்துவிட்டால், அதன்பின் பந்தியில் அருகே அமர்ந்து உண்டாலும் அன்பு உண்டாவதில்லை. நிதி நியாயமாகப் பகிரப்பட்டது, கணக்கு வெளிப்படையாக உள்ளது என்ற தெளிவு இருந்தால், உதவி கிடைக்காத அன்பரும் மனங்கோணாமல் மறுநாள் கலியாணத்திற்கு வந்து நிற்பார். சபைமுறை செவ்வனே நடக்குமிடத்தில் உறவுமுறையும் கசப்பின்றி வாழும். இரண்டிற்கும் ஒரு சொல்லை வைத்த முன்னோர் நம்மிடம் எதிர்பார்த்ததும் இதுவே போலும்.

அடுத்த மகாசபை கூடும்பொழுது, கணக்குப் புத்தகம் எல்லாருங் காண விரித்து வைக்கப்படுக. மத்தியஸ்தன் விரித்த விரல்களைப் போல.